நாடாளுமன்றத்தில் ஒரு நாள்: 206 வாக்குகளும் தோட்டத்துச் சிவப்பு அடையாள அட்டையும்

சிரம்பான் - 2024 அக்டோபர் 17, வியாழக்கிழமை. அன்று நாடாளுமன்ற மக்களவையில் குடியுரிமை தொடர்பான அரசியலமைப்புச் சட்டத் திருத்த மசோதா வாக்கெடுப்புக்கு விடப்பட்டது. ஆதரவு 206, எதிர்ப்பு 1. மறுநாள் வெள்ளிக்கிழமை 2025ஆம் ஆண்டு பட்ஜெட் தாக்கல் செய்யப்பட்டதால், சாப்பாட்டுக் கடைப் பேச்சு சம்பளம், உதவித்தொகை, பெட்ரோல் என்று மாறிவிட்டது.

ஆனால், நெகிரி செம்பிலான் தோட்டப்புறங்களில் இன்னும் சிவப்பு அடையாள அட்டை வைத்திருக்கும் குடும்பங்களுக்கு, பட்ஜெட்டைவிட அந்த வியாழக்கிழமைதான் பெரிய நாள். 1962 முதல் நாட்டில் நிலவிய ஒரு விதியை அந்த மசோதா மாற்றுகிறது. அந்த நாளில் நடந்தது என்ன, நாடாளுமன்றத்தின் ஒரு நாள் அலுவல் எப்படி நடக்கிறது, இதில் தோட்டத்துக் குடும்பங்கள் கவனிக்க வேண்டியது எது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

காலை 10 மணிக்கு மணி ஒலிக்கும்

மலேசிய நாடாளுமன்றத்துக்கு மூன்று அங்கங்கள் உண்டு. மாமன்னர், மேலவை எனப்படும் டேவான் நெகாரா, மக்களவை எனப்படும் டேவான் ரக்யாட் ஆகியவை அவை. மக்களவையில் 222 உறுப்பினர்கள். எல்லாரும் மக்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். மேலவையில் 70 செனட்டர்கள். இவர்கள் நியமனம் பெற்றோ மாநிலச் சட்டமன்றங்களால் தேர்வு பெற்றோ வருபவர்கள்.

கூட்டத் தொடர் நடக்கும் காலத்தில் மக்களவை திங்கள் முதல் வியாழன் வரை கூடும். காலை 10 மணிக்குச் சபாநாயகர் வந்து அமர்வார். பிரார்த்தனையுடன் அவை தொடங்கும். பிற்பகல் 1 மணிக்கு இடைவேளை. மீண்டும் 2.30 மணிக்குத் தொடங்கி மாலை 5.30 வரை நடக்கும். வேலை முடியவில்லை என்றால் தீர்மானம் கொண்டு வந்து நேரத்தை நீட்டிப்பார்கள். பட்ஜெட் விவாதக் காலத்தில் இரவு வரை போவதும் உண்டு.

முதலில் வருவது கேள்வி நேரம். செவ்வாய், வியாழக்கிழமைகளில் முதல் அரை மணி நேரம் அமைச்சர்களிடம் நேரடிக் கேள்விகள். இதில் செவ்வாய்க்கிழமை பிரதமருக்கு உரியது. அதற்குப் பிறகு 11.30 வரை வாய்மொழிக் கேள்விகள். உறுப்பினர்கள் முன்கூட்டியே எழுதிக் கொடுத்த கேள்விகள்தான் வரிசைப்படி எடுக்கப்படும். பதில் வந்ததும் கூடுதல் கேள்வி கேட்கலாம். நேரம் முடிந்து, முறை வராமல் போன கேள்விகளுக்கு எழுத்து மூலம் பதில் கிடைக்கும்.

எழுத்து மூலப் பதிலுக்கு மதிப்பு குறைவு என்று நினைக்க வேண்டியதில்லை. எத்தனை விண்ணப்பங்கள் நிலுவையில் உள்ளன, எத்தனை நிராகரிக்கப்பட்டன என்ற கணக்குகள் பெரும்பாலும் இந்தப் பதில்களில்தான் வெளிவரும். அமைச்சு எழுதிக் கொடுத்த எண் என்பதால் பிறகு அதை யாரும் மறுக்க முடியாது.

கேள்வி நேரம் முடிந்த பிறகு மசோதாக்கள் வரும். அவசரப் பிரச்சினை என்றால் நிலைக்கட்டளை 18(1)இன் கீழ் அவசரத் தீர்மானம் கோரலாம். ஏற்பதா, மறுப்பதா என்று சபாநாயகர் முடிவு செய்வார். பிரதான அவையில் நேரம் கிடைக்காத தொகுதிப் பிரச்சினைகளைப் பேச 2016 முதல் சிறப்பு அவை எனப்படும் காமார் காஸ் இருக்கிறது. ஒரு தோட்டத்துச் சாலை, ஒரு பள்ளிக்கூடக் கட்டடம், ஒரு குடும்பத்தின் பிறப்புச் சான்றிதழ் போன்றவற்றை அங்கே எழுப்ப முடியும்.

மசோதா ஏற வேண்டிய படிகள்

அமைச்சர் மசோதாவை அவையில் வைப்பது முதல் வாசிப்பு. தலைப்பு மட்டும் படிக்கப்படும், விவாதம் இருக்காது. இரண்டாம் வாசிப்பில்தான் உண்மையான விவாதம். அதன் பிறகு குழுநிலையில் ஒவ்வொரு பிரிவாகப் பார்ப்பார்கள். கடைசியாக மூன்றாம் வாசிப்பு. மக்களவையைத் தாண்டினால் மேலவையிலும் இதே படிகள். பிறகு மாமன்னரின் ஒப்புதல். அதற்கும் பிறகு அரசிதழில் வெளியிட்டு, எந்தத் தேதியிலிருந்து நடப்புக்கு வருகிறது என்று அறிவிப்பார்கள்.

சாதாரண மசோதாவுக்கு அவையில் இருப்பவர்களில் பெரும்பான்மை போதும். "ஆம்" என்போர் குரல் ஓங்கினால் நிறைவேறிவிடும். அரசியலமைப்புச் சட்டத்தைத் திருத்துவது அப்படி அல்ல. 159ஆவது விதிப்படி மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கு வேண்டும். 222 பேரில் அது 148. வராதவர்களுக்காக இந்த எண் குறையாது. அதனால் குரல் வாக்கெடுப்பு போதாது. மணி அடித்து உறுப்பினர்களை உள்ளே அழைத்து, தலைகளை எண்ணுவார்கள். இரண்டாம் வாசிப்பிலும் மூன்றாம் வாசிப்பிலும் இப்படி எண்ண வேண்டும்.

குடியுரிமைப் பகுதியைத் தொட்டால் இன்னொரு பூட்டும் உண்டு. ஆட்சியாளர்கள் மன்றத்தின் இசைவு இல்லாமல் அந்தத் திருத்தம் சட்டமாக முடியாது. நெகிரி செம்பிலானின் யாங் டிபெர்துவான் பெசாரும் அந்த மன்றத்தில் ஓர் உறுப்பினர்.

இந்த மசோதாவை உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைபுடின் நசுத்தியோன் 2024 மார்ச்சில் முதல் வாசிப்புக்குக் கொண்டு வந்தார். அக்டோபர் 17இல் 206 பேர் ஆதரித்தனர் என்றால், அரசாங்கத் தரப்போடு எதிர்க்கட்சி உறுப்பினர்களும் சேர்ந்து வாக்களித்தார்கள் என்று பொருள். டிசம்பரில் மேலவையும் அதை நிறைவேற்றியது.

கொடுத்ததும் எடுத்ததும் ஒரே மசோதாவில்

இந்த மசோதா பிறந்ததற்குக் காரணம் தாய்மார்களின் போராட்டம். வெளிநாட்டவரை மணந்த மலேசியப் பெண் வெளிநாட்டில் பிள்ளை பெற்றால், அந்தப் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காது. மலேசிய ஆணின் பிள்ளைக்கு மட்டும் கிடைக்கும். இதை எதிர்த்துத் தொடுக்கப்பட்ட வழக்கில் 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றம் தாய்மார்களுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2-1 என்ற பெரும்பான்மையில் அதை மாற்றியது. 2023 பிப்ரவரியில் அரசாங்கம் சட்டத்தையே திருத்த முன்வந்தது.

அந்தத் திருத்தத்தோடு வேறு சில மாற்றங்களும் ஒரே கட்டாகச் சேர்ந்து வந்தன. கைவிடப்பட்ட குழந்தைகளையும் நாடற்ற குழந்தைகளையும் பாதிக்கும் இரண்டு பிரிவுகளும் முதலில் அதில் இருந்தன. எதிர்ப்பு வலுத்ததால் 2024 மார்ச்சில் அரசாங்கம் அவற்றைக் கைவிட்டது. நிரந்தரவாசிகளைப் பற்றிய பிரிவு மட்டும் நீங்கவில்லை. தாய்மார்களுக்கான திருத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கொண்டு வாருங்கள் என்று பொது அமைப்புகள் கேட்டன; அது நடக்கவில்லை. மூன்றாம் வாசிப்பில் மசோதா முழுவதற்கும் சேர்த்துத்தான் ஆம் அல்லது இல்லை சொல்ல முடியும். தாய்மார்களுக்குக் கை தூக்கிய உறுப்பினர், சிவப்பு அடையாள அட்டைக் குடும்பங்களைப் பாதிக்கும் பிரிவுக்கும் சேர்த்தே கை தூக்க வேண்டியதாயிற்று.

மசோதாவின் முக்கிய மாற்றங்கள் இவை:

- வெளிநாட்டில் பிறக்கும் பிள்ளைக்குத் தந்தை வழியாக மட்டுமன்றித் தாய் வழியாகவும் குடியுரிமை கிடைக்கும்.
- மலேசியாவில் பிறக்கும் பிள்ளையின் தாய் தந்தையரில் ஒருவர் குடிமகனாக இருக்க வேண்டும். ஒருவர் நிரந்தரவாசியாக இருந்தால் போதும் என்ற நிலை நீக்கப்படுகிறது.
- 15(2), 15ஏ விதிகளின் கீழ் பிள்ளைகளுக்காக விண்ணப்பிக்கும் வயது வரம்பு 21இலிருந்து 18ஆகக் குறைகிறது.
- மலேசியரை மணந்து குடியுரிமை பெற விரும்பும் வெளிநாட்டுப் பெண்ணுக்கு மலாய் மொழி அறிவு நிபந்தனையாகிறது.

இரண்டாவதும் மூன்றாவதும்தான் தோட்டப்புறங்களுக்கு நேராக வந்து சேருபவை.

1962இல் வந்த விதி

சிவப்பு அடையாள அட்டை என்பது நிரந்தரவாசிக்கான அட்டை. இன்று அதன் பெயர் மைபிஆர். இந்நாட்டில் தங்கலாம், வேலை செய்யலாம். வாக்களிக்க முடியாது, மலேசியக் கடப்பிதழ் கிடைக்காது, அரசாங்க வேலைக்குப் போக முடியாது.

பால்மரம் வெட்ட வந்தவர்களின் பிள்ளைகளிடமும் பேரப்பிள்ளைகளிடமும் இந்த அட்டை எப்படி வந்தது? சுதந்திரத்தின்போது, 1957 ஆகஸ்டு 31 முதல் இந்த மண்ணில் பிறந்த எல்லாருக்கும் குடியுரிமை உண்டு என்று அரசியலமைப்புச் சட்டம் சொன்னது. அதற்கு முன் பிறந்தவர்களில் பலரும், இந்தியாவில் பிறந்து வந்தவர்களும் விண்ணப்பித்துத்தான் பெற வேண்டியிருந்தது. வசித்த ஆண்டுகளுக்குச் சான்று, ஓரளவு மலாய் மொழி அறிவு ஆகியவை கேட்கப்பட்டன. தோட்டத்தில் வேலையும் வீடும் ரேஷனும் இருந்த நாளில், பட்டணத்துக்குப் போய்ப் பாரம் நிரப்ப வேண்டிய அவசரம் பலருக்குத் தெரியவில்லை. 1969இல் குடிமக்கள் அல்லாதோருக்கு வேலை அனுமதி கட்டாயமானபோதுதான் அந்தக் காகிதத்தின் அருமை புரிந்தது. பலர் கப்பலேறித் திரும்பினார்கள். தங்கியவர்களில் ஒரு பகுதியினர் சிவப்பு அட்டையோடு வாழ்ந்தார்கள்.

1962 அக்டோபர் முதல் விதி இறுகியது. இங்கே பிறந்தால் மட்டும் போதாது. பிறக்கும் நேரத்தில் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருக்க வேண்டும் என்றானது. அந்த "நிரந்தரவாசியாகவோ" என்ற ஒரு சொல்தான் தோட்டத்துக் குடும்பங்களைக் காப்பாற்றி வந்தது. பெற்றோர் இருவரும் சிவப்பு அட்டை என்றாலும் பிள்ளைக்கு நீல அட்டை கிடைத்தது. ஒரு தலைமுறை விட்டதை அடுத்த தலைமுறை பிடித்துக்கொள்ள அது வழிவிட்டது. 62 ஆண்டுகளுக்குப் பிறகு மக்களவை எடுத்தது அந்தச் சொல்லைத்தான்.

எந்தக் குடும்பத்துக்கு என்ன ஆகும்?

இதைப் புரிந்துகொள்ள இன்னொரு பிரிவையும் சேர்த்துப் படிக்க வேண்டும். சட்டப்படி பதிவாகாத திருமணத்தில் பிறக்கும் பிள்ளைக்கு, குடியுரிமை விஷயத்தில் "பெற்றோர்" என்றால் தாய் மட்டுமே என்று அரசியலமைப்புச் சட்டத்தின் இரண்டாம் அட்டவணை சொல்கிறது. தந்தையின் நீல அட்டை அங்கே கணக்கில் வராது.

முஸ்லிம் அல்லாதோரின் திருமணங்கள் 1982 மார்ச் 1 முதல் பதிவு செய்யப்பட வேண்டும் என்பது சட்டம். கோவிலில் ஊரறியத் தாலி கட்டி, பந்தி போட்டு, பத்து ஆண்டு குடும்பம் நடத்தியிருந்தாலும், பதிவு இல்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணம் அல்ல. இதை மனத்தில் வைத்துக்கொண்டு கீழே உள்ளதைப் பார்க்கலாம். எல்லாமே மலேசியாவில் பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியவை.

தாய்க்கு நீல அட்டை, தந்தைக்குச் சிவப்பு அட்டை: முன்பும் குடியுரிமை உண்டு, புதிய விதியிலும் உண்டு.

தந்தைக்கு நீல அட்டை, தாய்க்குச் சிவப்பு அட்டை, திருமணம் பதிவானது: முன்பும் உண்டு, புதிய விதியிலும் உண்டு.

தந்தைக்கு நீல அட்டை, தாய்க்குச் சிவப்பு அட்டை, திருமணம் பதிவாகவில்லை: முன்பு தாயின் சிவப்பு அட்டையைக் கொண்டு பிள்ளைக்குக் குடியுரிமை கிடைத்தது. புதிய விதியில் தானாகக் கிடைக்காது.

இருவருக்கும் சிவப்பு அட்டை: முன்பு உண்டு. புதிய விதியில் தானாகக் கிடைக்காது. திருமணம் பதிவானதா இல்லையா என்பது இங்கே உதவாது.

தந்தைக்கு நீல அட்டை, தாயிடம் எந்தப் பத்திரமும் இல்லை, திருமணம் பதிவாகவில்லை: முன்பும் சிக்கல்தான், இப்போதும் சிக்கல்தான். 15ஏ விதியின் கீழ் விண்ணப்பிப்பதே வழக்கமான வழி.

மூன்றாவது வகைக் குடும்பங்கள்தான் மிகவும் கவனமாக இருக்க வேண்டியவை. அங்கே தந்தை குடிமகன்; பிள்ளையும் குடிமகனாக இருக்க முடியும். நடுவில் நிற்பது ஒரு திருமணப் பதிவு மட்டுமே. அதையும் பிள்ளை பிறப்பதற்கு முன்பே செய்தாக வேண்டும். 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் 4-3 பெரும்பான்மையில் அளித்த ஒரு தீர்ப்பு இதற்கு எச்சரிக்கை. அந்த வழக்கில் தந்தை மலேசியர். பிள்ளை வெளிநாட்டில் பிறந்து சில மாதங்களுக்குப் பிறகு பெற்றோர் திருமணத்தைப் பதிந்தனர். பிறந்த நேரத்தில் திருமணம் இல்லாததால் குடியுரிமை இல்லை என்று பெரும்பான்மை நீதிபதிகள் கூறிவிட்டனர்.

புதிய திருத்தம் பின்னோக்கிச் செல்லாது. அது நடப்புக்கு வரும் தேதிக்கு முன் பிறந்த பிள்ளைகளுக்குப் பழைய விதியே பொருந்தும். ஏற்கனவே நீல அட்டை பெற்றவர்களிடமிருந்து இந்தப் பிரிவு எதையும் பறிக்காது. ஆகவே, வீட்டில் உள்ள பிள்ளையின் பிறந்த தேதியும், அரசிதழில் அறிவிக்கப்படும் தேதியும்தான் முக்கியம்.

வயது வரம்பு குறைவதையும் இலேசாக எடுத்துக்கொள்ள முடியாது. எஸ்பிஎம் முடித்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது பல வீடுகளின் வழக்கம். 21 வயது வரை அவகாசம் இருந்தபோது அதற்கு இடம் இருந்தது. 18 என்றாகிவிட்டால், பிள்ளை நான்காம் ஐந்தாம் படிவத்தில் இருக்கும்போதே விண்ணப்பம் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். குடியுரிமை இல்லாத பிள்ளைக்கு பிடிபிடிஎன் கல்விக் கடன் கிடையாது. அரசாங்கப் பல்கலைக்கழக வாசலிலும் முதலில் கேட்பது மைகார்டுதான்.

வீட்டில் இன்றே பார்க்க வேண்டியவை

ஒன்று, பிறப்புச் சான்றிதழ். பிள்ளை பிறந்த 60 நாளுக்குள் பதிய வேண்டும். தாண்டினால் தாமதப் பதிவு என்று விசாரணை, சாட்சி, கூடுதல் பத்திரங்கள் என இழுக்கும். சான்றிதழில் குடியுரிமை நிலை என்ற இடத்தில் "வார்காநெகாரா" என்று இருக்கிறதா, "புக்கான் வார்காநெகாரா" என்று இருக்கிறதா எனப் பாருங்கள். 12 வயதில் மைகார்டு எடுக்கப் போகும்போதுதான் பலர் இந்த வரியை முதன்முறையாகப் படிக்கிறார்கள்.

இரண்டு, திருமணச் சான்றிதழ். தேசியப் பதிவிலாகாவில் பதியலாம். துணைப் பதிவதிகாரி உள்ள கோவில், சங்கம் வழியாகவும் பதியலாம்.

மூன்று, சிவப்பு அட்டை வைத்திருக்கும் பெரியவர்கள். "இந்த வயதில் எதற்கு" என்று விடுவது அவரோடு முடிகிற விஷயமாக இனி இருக்காது. பிள்ளை பெறும் வயதில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரம். 2011இல் இந்தியர்களுக்காக நடத்தப்பட்ட மைடஃப்தார் பதிவு இயக்கத்திலும், 2018இல் 60 வயதைத் தாண்டிய இந்தியர்களுக்கு அரசாங்கம் காட்டிய சலுகையிலும் வராமல் போனவர்கள் இருந்தால், பழைய விண்ணப்ப எண், மறுப்புக் கடிதம், தோட்டத்துப் பள்ளிப் பதிவு, பழைய தோட்டப் பேரேட்டின் நகல், மருத்துவமனை அட்டை எதுவானாலும் பத்திரப்படுத்துங்கள். லாபு, நீலாய், செண்டாயான் வட்டாரங்களில் தோட்டங்கள் வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. ஆபீசு மூடிய பிறகு இந்தப் பேரேடுகளைத் தேடுவது கடினம்.

யாரிடம் கேட்பது?

குடியுரிமை மத்திய அரசாங்கத்தின் அதிகாரம். கோவில் நிலம், பள்ளி நிலம் போன்றவை மாநில அரசாங்கத்தின் கையில் இருப்பதால் அவற்றுக்குச் சிரம்பானில் கூடும் 36 பேர் கொண்ட சட்டமன்றத்தை நாட வேண்டும். அடையாள அட்டை விஷயத்துக்கு நாட வேண்டியவர் நாடாளுமன்ற உறுப்பினர்.

நெகிரி செம்பிலானில் எட்டு நாடாளுமன்றத் தொகுதிகள் உள்ளன. பாகாவ், ஜெராம் பாடாங் வட்டாரம் ஜெம்போலில் வரும். கெமாஸ், கெமஞ்சே தம்பினில். லுக்குட், லிங்கி, சுவா ஆகியவை போர்ட்டிக்சனில். ரந்தாவ் பகுதி ரெம்பாவில். லாபு, மம்பாவ், ராஹாங் ராசாவில். நீலாய் சிரம்பானில். ஜொகோல் கோலப்பிலாவில். சுங்கை லூய் ஜெலுபுவில்.

ஒரு நுணுக்கம் இங்கே உண்டு. அமைச்சராக இருக்கும் உறுப்பினர் கேள்வி நேரத்தில் கேள்வி கேட்க மாட்டார். பதில் சொல்லும் இடத்தில் இருப்பார். அக்டோபர் 17 வாக்கெடுப்பின்போது சிரம்பான் உறுப்பினர் அந்தோணி லோக் போக்குவரத்து அமைச்சர். ரெம்பாவ் உறுப்பினர் டத்தோஸ்ரீ முகமட் ஹசான் வெளியுறவு அமைச்சர். அமைச்சரின் தொகுதியில் இருப்பவர்கள் அவரது சேவை மையத்தின் வழியாக உள்துறை அமைச்சுக்கு நேராகக் கடிதம் போகச் செய்யலாம். மற்றத் தொகுதிகளில் இருப்பவர்கள், கடிதத்தோடு நாடாளுமன்றக் கேள்வியாகவும் எழுப்பும்படி கேட்கலாம்.

கேள்வி குறிப்பாக இருக்க வேண்டும். "எங்கள் பிரச்சினையைப் பேசுங்கள்" என்றால் பொதுவான பதில்தான் வரும். நெகிரி செம்பிலானில் எத்தனை இந்தியர்கள் மைபிஆர் வைத்திருக்கிறார்கள், அவர்களில் எத்தனை பேர் இந்நாட்டில் பிறந்தவர்கள், எத்தனை குடியுரிமை விண்ணப்பங்கள் மூன்று ஆண்டுகளுக்கு மேல் நிலுவையில் உள்ளன, புதிய விதியால் குடியுரிமை பெறாத பிள்ளைக்கு என்ன தகுதி வழங்கப்படும் என்று கேட்டால், எண்ணாகவும் நடைமுறையாகவும் பதில் சொல்லியாக வேண்டும்.

கேட்டாரா இல்லையா என்று சரிபார்ப்பதும் சுலபம். ஒவ்வொரு நாளின் அலுவல் பட்டியலும், பேச்சுகள் முழுவதும் பதிவாகும் ஹன்சார்டும் நாடாளுமன்ற அகப்பக்கத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. மலாய் மொழியில் இருக்கும். உறுப்பினரின் தொகுதிப் பெயரைத் தேடினால் அவர் பேசியது வந்துவிடும். மேல்நிலைப் பள்ளியில் படிக்கும் பிள்ளை ஒருவர் வீட்டில் இருந்தால் பத்து நிமிட வேலை.

விண்ணப்பப் பாரம் வாங்கப் பதிவிலாகாவுக்குப் போகிறவர்கள், முகப்பில் ஒரு கேள்வியையும் சேர்த்துக் கேட்டுக்கொள்ள வேண்டும்: திருத்தம் நடப்புக்கு வரும் தேதி எது, தங்கள் பிள்ளையின் பிறந்த தேதி அதற்கு எந்தப் பக்கம் விழுகிறது? அந்தப் பதிலைப் பொறுத்தே எந்தப் பாரம் என்பது முடிவாகும்.